பத்தாண்டுக் கணக்கு: பாண்டித்துரைத் தேவரும் நான்காம் தமிழ்ச்சங்கமும்

மதுரைக்குச் சங்கம் என்னும் சொல் புதிதன்று. வைகைக் கரையில் வளரும் குழந்தையும் கேட்டறிந்த சொல் அது. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சொல் ஒரு நினைவாக மட்டுமே எஞ்சி நின்றது. புலவர் கூடி ஆய்ந்த பேரவை புராணத்திலும் உரைகளிலும் வாழ்ந்ததேயன்றி, ஊரில் அதற்கென ஓர் அறையும் இல்லை. அந்த நினைவைப் பள்ளியாகவும், நூல்நிலையமாகவும், அச்சுக்கூடமாகவும், திங்கள் இதழாகவும், தேர்வாகவும் மாற்றிக் காட்டியவர் பாலவனத்தம் ஜமீந்தார் பொ. பாண்டித்துரைத் தேவர்.

மதுரைத் தமிழ்ச்சங்கம் தோன்றிய நாள் 1901 செப்டம்பர் 14. தேவர் மறைந்த நாள் 1911 டிசம்பர் 2. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்டவை பத்து ஆண்டுகளும் ஏறத்தாழப் பதினொரு வாரங்களும் ஆகும். தாம் தொடங்கிய அமைப்பின் பத்தாம் ஆண்டு நிறைவைக் கண்ட சில வாரங்களிலேயே அவர் வாழ்வும் நிறைவுற்றது. நெடுங்காலம் வேண்டும் ஒரு குறிக்கோளை மேற்கொண்ட மனிதர், அதில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை எதைக் கொண்டு அளப்பது, இடையில் வரும் தளர்ச்சியை எதைக் கொண்டு தாங்குவது என்னும் வினாக்களுக்கு அப்பத்தாண்டு தக்கதொரு விடையாகும்.

குடியும் கல்வியும்

தேவர் 1867 மார்ச் 21ஆம் நாள் பிறந்தார். இயற்பெயர் உக்கிரபாண்டியன். தந்தையார் பொன்னுசாமித் தேவர் சேதுபதி மரபினர்; இராமநாதபுரம் சமஸ்தானத்தின் நிருவாகத்தைத் திறம்பட நடத்தியவர்; யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்குத் துணைநின்ற புரவலர். அத்தந்தையை மகன் இளமையிலேயே இழந்தார். எனினும் அவர் திரட்டி வைத்த ஏடுகளும், அவரை நாடிவந்த புலவர்களின் தொடர்பும் மகனுக்கு எஞ்சின. பொருட்செல்வத்தினும் இவையே பின்னாளில் பெரிதும் பயன்பட்டன எனலாம்.

பாலவனத்தம் அருப்புக்கோட்டைக்கு அருகில், மதுரைக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் கரிசற்சமவெளியில் உள்ளது. மழை பெய்தால் விளைவும், பொய்த்தால் வறட்சியும் காணும் மண் அது. அம்மண்ணின் வருவாயைக் கொண்டே தேவர் தம் தமிழ்ப்பணியை நடத்த வேண்டியிருந்தது. உரிய வயதில் ஜமீன் பொறுப்பை ஏற்றவர், புலவர்பால் முறையாகப் பாடங் கேட்டு இலக்கண இலக்கியங்களிலும் சைவ சாத்திரங்களிலும் தேர்ந்தார். பாடவும் வல்லவர், மேடையில் நெடுநேரம் பொழியவும் வல்லவர். பல நூல்களிலிருந்து தேர்ந்த செய்யுள்களைப் பொருள்வாரியாகத் தொகுத்துப் பன்னூற்றிரட்டு என்னும் நூலாக்கினார். உ. வே. சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பு 1898ஆம் ஆண்டில் வெளிவருவதற்கும் உதவினார்.

இந்த நிலையிலேயே அவர் நின்றிருந்தால் தமிழ் வரலாறு அவரைப் புலவர் போற்றிய வள்ளல் என்னும் வரிசையில் ஒருவராக வைத்து அமைந்திருக்கும். அவ்வரிசையில் பலர் உளர். கேட்டவர்க்குக் கொடுத்தல் சிறந்த அறமே. ஆயினும் அது குறிக்கோள் ஆகாது. கொடை கேட்பவர் வரும்போது நிகழ்வது. குறிக்கோள் கேட்பவர் எவரும் இல்லாத நாளிலும் எழுந்து செய்ய வேண்டுவது. தேவர் முன்னதிலிருந்து பின்னதற்குச் சென்ற காலம் அவருடைய முப்பத்து நான்காம் வயது.

ஊரில் கிடைக்காத நூல்

அம்மாற்றத்திற்குக் காரணமாக ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. மதுரைக்குச் சொற்பொழிவாற்ற வந்த தேவர், மேற்கோளுக்காகக் கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்டினாராம். நகர் முழுதும் தேடியும் எளிதில் கிடைக்கவில்லை என்பர். 1901ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி மதுரையில் ஒரு லட்சத்திற்கும் சற்று மேற்பட்டோர் வாழ்ந்தனர். இருப்புப் பாதை வந்து கால் நூற்றாண்டு கடந்திருந்தது. 1895 முதல் பெரியாற்று நீர் மேற்குத் தொடர்ச்சி மலையைத் துளைத்து வந்து மேலூர்ப் பகுதி வயல்களை நனைத்துக் கொண்டிருந்தது. நீரும் வண்டியும் வந்து சேர்ந்த ஊரில் குறள் நூல் கிடைக்கவில்லை என்பதே அச்செய்தியின் கூர்மை.

மற்றொரு செய்தியும் உண்டு. ஸ்காட் என்னும் ஐரோப்பியர் எதுகை மோனை கருதித் திருக்குறளைத் தம் விருப்பப்படி திருத்தி அச்சிட்டாராம். தேவர் அப்படிகள் அனைத்தையும் விலை கொடுத்து வாங்கி அழித்துவிட்டார் என்பர். இச்செய்தி அவருடைய தமிழ்ப்பற்றுக்குச் சான்றாகப் பெரிதும் எடுத்தாளப்படுவது. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். தவறான பதிப்பை அழிப்பதற்கு ஒரு பிற்பகலும் கொஞ்சம் பணமும் போதும். நல்ல பதிப்பு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும்படி செய்வதற்கு ஒரு தலைமுறையும் போதாது. சினம் முதற்செயலைச் செய்து முடித்துவிடும். இரண்டாவதற்குச் சினம் உதவாது. தேவரின் பெருமை இரண்டாவதையும் மேற்கொண்டதில் உள்ளது.

குறிக்கோளைக் கூறுபடுத்திய திறம்

1901 மே திங்களில் மதுரையில் சென்னை மாகாண மாநாடு கூடியது. அவ்வேளையில் தேவர் சங்கம் நிறுவும் கருத்தை வெளியிட்டார். நான்கு திங்கள் கழிவதற்குள் சங்கம் தொடங்கப் பெற்றது. சேதுபதி மன்னர் பாஸ்கர சேதுபதி பெருந்துணையாக நின்றார். உ. வே. சாமிநாதையர், பரிதிமாற் கலைஞர், இரா. இராகவையங்கார், மு. இராகவையங்கார், சோழவந்தான் அரசஞ்சண்முகனார் முதலிய அக்காலப் பெரும்புலவர்கள் அவ்வமைப்போடு தொடர்பு கொண்டனர்.

தமிழ் தழைக்க வேண்டும் என்பது குறிக்கோள். அஃது அளவிடற்கரியது. இன்று எவ்வளவு தழைத்தது என்று எவரும் எண்ணிச் சொல்ல இயலாது. எண்ண இயலாத குறிக்கோள் விரைவில் இரண்டில் ஒன்றாக முடியும்: மேடைப் பேச்சாகத் தேயும், அல்லது ஏமாற்றமாகக் கசக்கும். தேவரும் அவர்தம் அறிஞர் குழுவும் அப்பெருங்குறிக்கோளை எண்ணத்தக்க பகுதிகளாகப் பிரித்தனர். கற்பிப்பதற்குச் சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை. படிப்பதற்குப் பாண்டியன் புத்தகசாலை. அச்சிடுவதற்குத் தமிழ்ச்சங்க முத்திராசாலை. ஆராய்ச்சியை வெளியிடுவதற்குச் செந்தமிழ் என்னும் திங்கள் இதழ். கற்றோரின் தகுதியை உறுதிப்படுத்துவதற்குப் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் மூன்று படித் தேர்வுகள்.

இவற்றின் அமைப்பை உற்றுநோக்கினால், ஒவ்வொன்றும் தனக்கெனக் காலவரையறை உடையது என்பது விளங்கும். இதழ் திங்கள்தோறும் வெளிவர வேண்டும். வாராதொழியின் அது வராமையை ஊரே அறியும். தேர்வு உரிய பருவத்தில் நிகழ வேண்டும். எத்தனை பேர் எழுதினர், எத்தனை பேர் தேறினர் என்பது எண்ணாக நிற்கும். புத்தகசாலைக்கு வந்து சேர்ந்த ஏடுகளையும் நூல்களையும் பதிவேட்டில் காணலாம். ஆண்டுவிழாவில் புலவர் கூடும்போது அவ்வாண்டின் வரவும் செலவும் செய்பணியும் அவையறிய வேண்டும். ஆக, உள்ளத்தின் ஊக்கத்தை மட்டும் நம்பியிராமல், நாள்காட்டியே மனிதரை எழுப்பும் ஏற்பாடாக அது அமைந்தது.

தேர்வின் மூன்று படிகளும் கற்பவர்க்கு இதே வழியைக் காட்டின. பேரிலக்கணப் பேரிலக்கியப் புலமை தொலைவில் நிற்கும் மலை போன்றது. அதனை நோக்கி நடப்பவர்க்கு நுழைவுப் படி, நடுப் படி, நிறைவுப் படி என்று நின்று மூச்சு வாங்கி, வந்த தொலைவைத் திரும்பிப் பார்க்கும் திண்ணைகள் கிடைத்தன. பழைய திண்ணைப் பள்ளி முறையில் ஆசிரியரின் ஒரு சொல்லே மாணவனின் தகுதிக்குச் சான்று. சங்கத் தேர்வு அத்தகுதியை ஊர் கடந்து செல்லும் சான்றாக்கியது.

முதல் மூன்று ஆண்டுகளின் இழப்பு

1902ஆம் ஆண்டில் தொடங்கிய செந்தமிழ் இதழ்க்கு இரா. இராகவையங்கார் முதல் ஆசிரியர். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்னும் கருத்தைப் பரிதிமாற் கலைஞர் அவ்விதழிலேயே எடுத்து மொழிந்தார். மதுரைக்கு அண்மையிலுள்ள விளாச்சேரியில் பிறந்த அப்பேராசிரியர் 1903 நவம்பர் 2ஆம் நாள் தம் முப்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். எட்டு வாரம் கழிந்து, அவ்வாண்டு டிசம்பர் 27ஆம் நாள் பாஸ்கர சேதுபதியும் காலமானார். அவருக்கு வயது முப்பத்தைந்து. விவேகானந்தர் சிகாகோ செல்லத் துணைநின்ற அவ்வள்ளலின் சமஸ்தானம் கடன் சுமையால் ஏற்கெனவே தளர்ந்திருந்தது.

சங்கம் தோன்றி இரண்டே கால் ஆண்டில் அதன் அறிவுத் தூண் ஒன்றும் பொருள் தூண் ஒன்றும் சாய்ந்தன. புதிய அமைப்புகள் பெரும்பாலும் கலையும் பருவம் இதுவே. தொடக்க விழாவின் ஆரவாரம் அடங்கியிருக்கும். பயன் இன்னும் கண்ணுக்குத் தெரிந்திராது. உடன் நின்றவர் குறைந்திருப்பர். அப்பருவத்தில் சங்கத்தைத் தாங்கியது தேவரின் பற்று மட்டுமன்று. அடுத்த திங்களின் இதழுக்குக் கட்டுரை தேட வேண்டியிருந்ததும், கலாசாலையில் மாணவர் காத்திருந்ததுமாம். பெருங்குறிக்கோள் சோர்வைத் தரும் நாளில், அடுத்துச் செய்ய வேண்டிய சிறு கடமை கை கொடுத்தது.

இதழாசிரியப் பொறுப்பு பின்னர் மு. இராகவையங்காரிடம் வந்தது. வேளிர் பற்றிய வரலாற்றாய்வு முதலிய அவருடைய எழுத்துகளுக்குச் செந்தமிழ் களமாயிற்று. சிதறிக் கிடந்த பழஞ்செய்யுள்களும் சிறு நூல்களும் செந்தமிழ்ப் பிரசுரங்களாக வெளிவந்தன. முத்தொள்ளாயிரத்தில் எஞ்சிய பாடல்கள் தமிழுலகின் பார்வைக்கு வந்ததும் அவ்வழியேயாம். கலாசாலை ஆசிரியராகச் சங்கத்தில் வளர்ந்த மு. இராகவையங்கார் பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிப் பணிக்குத் தலைமைப் பண்டிதராகச் சென்றார். ஓர் அமைப்பின் வளர்ச்சியை அளக்கும் கோல்களுள், அது வெளியே அனுப்பிய மனிதர் என்பதும் ஒன்று.

கடலில் சென்ற முயற்சி

தேவர் வாழ்வில் மற்றொரு பெருமுயற்சியும் உண்டு. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை 1906 அக்டோபர் 16ஆம் நாள் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாயாக, 40,000 பங்குகளில் 10 லட்சம் ரூபாய் முதல் திரட்டுவது திட்டம். கம்பெனியின் தலைவர் பாண்டித்துரைத் தேவர். பெருந்தொகை அளித்ததோடு, ஆங்கிலேய ஆட்சியின் கண்முன் தம் பெயரையும் அவர் அளித்தார். ஜமீன் ஒன்றின் உரிமையாளருக்கு அது சிறு துணிவன்று.

அம்முயற்சியின் முடிவு நாடறிந்தது. எதிர்க்கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது. 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார். தலைமகனை இழந்த கம்பெனி தள்ளாடி 1911ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. சங்கம் பத்தாண்டு நிறைந்த அதே ஆண்டில் கப்பல் முயற்சி முற்றுப் பெற்றது.

ஒரே மனிதரின் இரு முயற்சிகளுள் ஒன்று நிலைத்தது, ஒன்று நிலைக்கவில்லை. இதனைக் கொண்டு முன்னது அறிவுடைமை, பின்னது பிழை என முடிவு கட்டுதல் பொருந்தாது. கப்பல் நேராகப் பேரரசின் வணிகத்தோடு மோதியது. சங்கம் அவ்வாறு மோதவில்லை. எனினும் அமைப்பு முறையில் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. கம்பெனியின் உயிர் ஒரு மனிதரிடம் இருந்தது. அவரைச் சிறையிட்டதும் அது நின்றது. சங்கத்தின் உயிர் பலரிடம் பகிர்ந்திருந்தது. பரிதிமாற் கலைஞர் போனபோதும் சேதுபதி போனபோதும் அது நின்றுவிடவில்லை. தோல்வியையும் கணக்கில் எழுதாதவர் கணக்குப் பார்த்தவர் ஆகார். தேவரின் பத்தாண்டுக் கணக்கில் கப்பலின் இழப்பும் ஒரு வரியாக இருந்தே தீரும். அந்த இழப்பு நேர்ந்த ஆண்டுகளிலும் சங்கப்பணி குன்றவில்லை என்பதே அவருடைய உறுதிக்குச் சான்று.

1910ஆம் ஆண்டின் விளைச்சல்

சென்னைப் பச்சையப்பன் பள்ளித் தமிழாசிரியர் ஆ. சிங்காரவேலு முதலியார் புராண, இலக்கிய, வரலாற்றுச் செய்திகளை அகரவரிசையில் தொகுக்கும் பணியில் ஆண்டுக்கணக்காக உழைத்து வந்தார். எழுதி முடித்ததை அச்சிடப் பொருளில்லை. செல்வர் பலரை நாடியும் பயன் விளையவில்லை. இறுதியில் தேவர் முன்வந்தார். 1910ஆம் ஆண்டில் அபிதான சிந்தாமணி ஆயிரம் பக்கத்திற்கு மேற்பட்ட பெருநூலாக மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் வழி வெளிவந்தது. முதலியார் அத்துடன் ஓய்ந்தாரல்லர். விட்டவற்றைச் சேர்த்தும் பிழைகளைத் திருத்தியும் 1931இல் மறையும் வரை உழைத்தார். பெருகிய இரண்டாம் பதிப்பு 1934இல்தான் வெளிவந்தது. அச்சேறிய நூலையே மீண்டும் கணக்குப் பார்த்த உழைப்பு அது.

அதே 1910ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக் கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்த தமிழ்ச் சொல்லகராதியின் முதற்பகுதியும் சங்கத்தால் வெளியிடப்பட்டது. தொகுத்தவர் 1904இலேயே மறைந்திருந்தார். இரண்டாம் பகுதி 1912இலும் மூன்றாம் பகுதி 1923இலும் வெளிவந்தன. முதற்பகுதிக்கும் இறுதிப் பகுதிக்கும் இடையே பதின்மூன்று ஆண்டு. அவற்றுள் கடைசி இரண்டு பகுதிகளையும் தேவர் காணவில்லை. தொகுத்தவரும் இல்லை, வெளியிடத் தொடங்கியவரும் இல்லை. ஆயினும் அகராதி நிறைவுற்றது. தனி மனிதரின் விருப்பம் அமைப்பின் கடமையாக மாறிவிட்டதற்கு இதனினும் தெளிவான அடையாளம் வேண்டா.

பத்தாம் ஆண்டு

1911 செப்டம்பரில் சங்கம் பத்தாண்டு நிறைந்தது. அப்போது எண்ணிச் சொல்லத்தக்கவை பல இருந்தன: நடைபெறும் கலாசாலை, நிறைந்துவரும் புத்தகசாலை, இயங்கும் அச்சுக்கூடம், தொடரும் இதழ், தேர்வில் தேறிய பண்டிதர்கள், வெளிவந்த பழநூல்கள், ஒரு கலைக்களஞ்சியம், அகராதியின் முதற்பகுதி. நிறைவேறாதவையும் இருந்தன. அகராதி முடியவில்லை. செம்மொழி என்னும் கருத்து நாட்டின் ஏற்பைப் பெறவில்லை. அமைப்பு பெரிதும் செல்வர் கொடையையே சார்ந்திருந்தது. படிப்போரின் சிறு தொகைகளால் தானே நிற்கும் நிலை வரவில்லை.

தேவரின் சொந்தக் கணக்கில் வேறொரு குறையும் உண்டு. பாடும் ஆற்றல் பெற்றிருந்த அவர் எழுதிச் சென்றவை சிலவே. காவடிச்சிந்தும் சில செய்யுள்களும் தொகைநூல்களும் அவர் பெயரால் நிற்கின்றன. அவருடைய நாளின் பெரும்பகுதி பிறர் நூல்கள் அச்சேறுவதற்கும் பிறர் மாணவர் தேர்வெழுதுவதற்கும் செலவாயிற்று. கவிஞர் ஒருவர் இதனை இழப்பு என்று கருதினால் அது தவறன்று. நெடுங்குறிக்கோள் எதுவும் விலையின்றிக் கிடைப்பதில்லை. தேவர் கொடுத்த விலையுள் ஒன்று அவர் எழுதாத பாடல்கள். அவ்விலையை மறைத்து அவரைப் போற்றுதல் அவருக்குச் செய்யும் முழுமையான மரியாதை ஆகாது.

1911 டிசம்பர் 2ஆம் நாள், நாற்பத்து நான்காம் வயதில் அவர் மறைந்தார். சங்கம் மறையவில்லை. செந்தமிழ்க் கலாசாலை செந்தமிழ்க் கல்லூரியாக வளர்ந்தது. பண்டிதத் தேர்வில் தேறியவர் தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் தமிழாசிரியராய் அமர்ந்தனர். செந்தமிழ் இதழின் பழைய தொகுதிகள் ஆராய்ச்சியாளர் தேடும் கருவூலமாயின. பரிதிமாற் கலைஞர் அவ்விதழில் எழுப்பிய கருத்து ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2004ஆம் ஆண்டில், தமிழைச் செம்மொழியென இந்திய அரசு அறிவித்தபோது நிறைவு கண்டது.

பத்தாண்டு என்பது ஓர் அமைப்புக்கு மகிழ்ச்சியோடு நின்று பார்க்கத்தக்க படி. முன்னே இருக்கும் மலையைப் பார்த்தால் பத்தாண்டு சிறிது. ஏறிவந்த படிகளைப் பார்த்தால் பெரிது. இரண்டையும் ஒருங்கு பார்ப்பவர்க்கே மேலும் நடக்கும் வலிமை உண்டாகும். பாண்டித்துரைத் தேவர் தம் பத்தாம் ஆண்டில் விட்டுச் சென்றது முடிந்த பணி அன்று. எவரும் எடுத்துத் தொடரத்தக்கதாய், வரவும் குறையும் தெளிவாக எழுதப்பெற்ற கணக்கு. சொல்லகராதியின் மூன்றாம் பகுதியை 1923இல் அச்சேற்றியவர்கள் அந்தக் கணக்கின் அடுத்த வரியையே எழுதினர்.